மூக்கு கெட்டி, இடுப்பு மெத்து

வில்லோ ஓடை, மொன்டானா
செப்டம்பர் 20, 1977

திரு. ராய்ஸ் ஸ்டென் அவர்களுக்கு,

இப்படி விளித்ததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. "அன்புள்ள அண்ணா" என்று தொடங்கிய தாள்களைக் கிழித்துவிட்டேன். அந்த "அன்புள்ள" என்பதற்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

தொலைபேசியில் கேட்டிருப்பேன். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான நம் லைனில் எப்போதும் பக்கத்து வீட்டுத் திருமதி லின்ட்விக்கின் காது இருக்கும் என்பது உனக்கே தெரியும். போன வாரம் அம்மா பல் வலி என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு குரல், "கிராம்பு வெச்சுப் பாரேன், ஐரீன்" என்றது.

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலையுதிர்காலத் துப்பாக்கி சுடும் போட்டியில் அப்பா தோற்றுவிட்டார். தோற்றார் என்பதுகூடச் சரியான சொல் இல்லை. முதலில் சுட்டவை ஒழுங்காகப் போய் விழுந்தன. பிறகு ஒன்று இலக்கின் மேல் விளிம்பில், ஒன்று தரையில், ஒன்று பக்கத்து ஆளின் தாளில். இலக்குத் தாள்களை மாற்றுவதற்காகக் குழிக்குள் இருந்த ஆள் அங்கிருந்தே கத்தினார்: "ஆர்வில், எந்தத் தாளு உங்களுதுன்னு முடிவு பண்ணிட்டுச் சுடுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஹாலர் ஜெயித்தார். நீ வேலை பார்க்கிற அதே ஹாலர்.

வீட்டுக்கு வந்து அப்பா துப்பாக்கிக் குழலைத் துலக்கினார். உள்ளிருந்து ஈயம் மீன் செதில் மாதிரி உரிந்து உரிந்து வந்தது. குண்டு மெத்தென்று இருந்தால்தான் அப்படிக் குழலில் ஒட்டும் என்று எனக்கே தெரியும்.

"நல்ல ஈயத்த ஹாலருக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, எனக்குக் குப்பையக் கலந்து வெச்சிருக்கான்" என்றார்.

"நம்ம பையன் அப்படிச் செய்வானா?" என்றார் அம்மா.

"ஹாலரோட பையன்னு சொல்லு."

 சாப்பாட்டு மேசையில் இறைச்சி ஆறிப்போனது.

நான் யாருடைய பக்கமும் சாயாமல் யோசிக்க முயல்கிறேன். எனக்குத் தெரிந்தவை இவைதான். ஜூனில் நீங்கள் இருவரும் கொட்டகையில் குண்டு வார்த்தீர்கள். டயர் கடையில் கழித்த, சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டும் ஈயக்கட்டிகளோடு, பத்திரிகை அச்சகத்திலிருந்து நீ வாங்கி வந்த எழுத்து ஈயத்தையும் சேர்த்து உருக்கினீர்கள். எழுத்து ஈயம்தான் கெட்டி சேர்ப்பது. அதை எடைபோட்டுப் பாத்திரத்தில் போட்டது நீ. அப்பா பார்க்கவில்லை, உன்னை நம்பினார். வார்த்து முடித்த கையோடு நீ ஹாலரிடம் வேலைக்குப் போவதாகச் சொன்னாய், சண்டை வந்தது. மறுநாள் காலை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். பெட்டி கனமாக இருந்தது. உன் இடது தோள் தாழ்ந்திருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மிச்சமிருந்த குண்டுகளை என் ஓவியப் பென்சில்களால் சோதித்தேன். நீ கற்றுக்கொடுத்தபடியேதான்: பென்சில் முனையைத் தட்டையாகத் தேய்த்து, சாய்த்துப் பிடித்து, ஈயத்தில் தள்ள வேண்டும். மெத்தென்ற பென்சில் வழுக்கும்; எச்.பி., எச், 2எச், 3எச் என்று ஏற ஏறப் பென்சிலின் கெட்டி கூடும். எந்தப் பென்சில் முதலில் ஈயத்தைச் சீவுகிறதோ அதுதான் அந்த ஈயத்தின் கெட்டி. அப்பாவின் குண்டுகள் 3எச் பென்சிலுக்குத்தான் அசைய வேண்டும். இவற்றின் பக்கவாட்டைச் சாதாரண எச்.பி. பென்சிலே சீவிவிட்டது. நான் பள்ளியில் கணக்குப் போடுகிற பென்சில்!

பெட்டியில் என்ன இருந்தது?

இப்படிக்கு,
இன்னும் முடிவுக்கு வராத
மார்லிஸ்


கார்வர் சந்திப்பு
செப்டம்பர் 24

மார்லி,

"திரு."வுக்கு நன்றி. இந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

முதலில் நீ சொல். எழுதச் சொன்னது யார்? "ஆதாரம்" உன் சொல். "எடைபோட்டது நீ, அப்பா நம்பினார்" என்பது அவர் சொல். தலைக்கு மேல் நின்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாயா? அப்படியானால் இதையும் அவருக்குப் படித்துக் காட்டு: என் மேல் சந்தேகம் இருந்தால் கார்வர் சந்திப்புக்கு ரோடு இருக்கிறது, அவரிடம் லாரியும் இருக்கிறது.

பெட்டியில் என் பூட்ஸ், ரேடியோ, இரண்டு கட்டி எழுத்து ஈயம். ஆமாம், எழுத்து ஈயம். அச்சகத்தில் கோடை முழுவதும் தரை கூட்டியதற்கு எனக்குத் தந்தது, என் பங்கு. அதில் ஒன்றை ஹாலருக்குக் கொடுத்தேன். வேலைக்குச் சேருகிற அன்று வெறுங்கையோடு போகக் கூடாது என்று தோன்றியது. நீ என்ன நினைத்தாலும் சரி.

ஆனால் பாத்திரத்தில் போட வேண்டியதைப் போட்டேன். ஒரு விரல் அளவுகூடக் குறையாமல். வார்த்து மிஞ்சியதைக் கட்டியாக ஊற்றி மேசைக்கு அடியில் வைத்தோமே, அதைச் சோதித்துப் பார். கலவையில் நான் ஏமாற்றியிருந்தால் கட்டியும் மெத்தென்று இருக்கும்.

இதைக்கூடவா யோசிக்கவில்லை? இத்தனை துப்பறியும் கதை படித்து என்ன பிரயோஜனம்?

ராய்ஸ்


வில்லோ ஓடை
செப்டம்பர் 29

ராய்ஸ்,

யாரும் என் தலைக்கு மேல் நிற்கவில்லை. நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது சாலையோரத் தபால் பெட்டியில் போடுகிறேன், உன் கடிதத்தையும் நானே முதலில் எடுத்துவிடுகிறேன். இப்படி ஒளிந்து செய்வது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கட்டியைச் சோதித்தேன். எச்.பி. வழுக்கியது. எச் பென்சில்தான் சீவியது. தண்ணீரில் போடாமல் தானாக ஆறிய கட்டி அவ்வளவுதான் இருக்கும். கலவை சரி என்று ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னது உண்மை.

ஆனால் ராய்ஸ், இதனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வார்த்து நேராகத் தண்ணீர் வாளியில் விழுந்த குண்டு, தானாக ஆறிய கட்டியைவிடப் பல மடங்கு கெட்டிப்பட வேண்டும். இது கட்டியைவிடவே மெத்தென்று இருக்கிறது. அப்படியானால் டப்பாவில் இருந்தவை நீங்கள் வார்த்த குண்டுகளே இல்லையோ? யாரோ மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா?

இப்போது நான் கேட்கப்போவதற்கு யோசித்துப் பதில் எழுது. ஆகஸ்டில் நாங்கள் எல்லோரும் மாவட்டக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். திருமதி லின்ட்விக் நேற்று அம்மாவிடம் சொன்னார்: "உங்க ராய்ஸோட லாரி அன்னிக்கு உங்க வாசல்ல நின்னுச்சே, பாக்கலியா நீங்க? கொட்டகைக் கதவு தொறந்திருந்துச்சு." அம்மா கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே, "அப்படியா, காத்துக்குத் தொறந்திருக்கும்" என்றார். பிறகு அதே தட்டை மறுபடியும் துடைத்தார்.

கொட்டகையில் நீ என்ன செய்தாய்?

உன் பதிலை வைத்துத்தான் நான் அப்பாவிடம் பேசுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பேன். அவர் உன் கட்டிலைப் பிரித்து மச்சில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா, "திருகு துருப்பிடிச்சிருக்கு, வராது" என்று தள்ளிப்போடுகிறார். நான் பார்த்தேன், திருகில் துருவே இல்லை.

மார்லிஸ்


கார்வர் சந்திப்பு
அக்டோபர் 3

மார்லி,

அந்த அம்மாளுக்குத் தொலைபேசி போதாதா, ஜன்னலும் வேண்டுமா?

வந்தேன். கண்காட்சி நாள் என்பது நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அப்பா கொட்டகையில்தான் இருப்பார் என்று நினைத்து வந்தேன். என்ன பேசுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வந்தால் நாய் மட்டும் இருந்தது.

கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றேன். எதையும் தொடவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கெஞ்சப்போவதில்லை. ஹாலர் ஒரு தடவைகூட அப்பாவின் ஈயத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்கப்பா இன்னும் அந்தக் கிழிஞ்ச தொப்பியத்தான் போடுறாரா?"

ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. நாங்கள் ஜூனில் வார்த்த குண்டுகள் அந்தக் காபி டப்பாவில் அப்படியே கிடந்தன. அளவு போடாமல், மெழுகு பூசாமல், வாளியிலிருந்து எடுத்துக் காயவைத்தபடி. என் முக்காலியும் நெம்புகோலுக்கு முன்னால் அப்படியே. போட்டி நெருங்குகிறதே, இந்த மனிதர் இன்னும் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அளவு போடுவது எப்போதும் என் வேலை. அவர் வார்க்க வார்க்க, அன்றைக்கே நான் நெம்புகோலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளவுத் துளையில் தள்ளி, குழலுக்குப் பொருந்தும்படி இடுப்பை அமுக்கி முடித்துவிடுவேன். அந்த ஜூன் நாளில் மட்டும்தான் சண்டையில் நின்றுபோனது.

கட்டிலை மச்சில் போடட்டும். எனக்கென்ன.

ராய்ஸ்

பி.கு. கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் திருகைத் தொடாதே. அது இறுகிப்போனது. உண்மையாகவே வராது.


வில்லோ ஓடை
அக்டோபர் 8

அண்ணா,

நிதானமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், கை ஓடுகிறது.

"அன்றைக்கே" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் வந்து நின்றேன். ஏன் அன்றைக்கே? நீ எப்போதும் அன்றைக்கே செய்தாய், அப்பாவும் எப்போதும் அன்றைக்கே செய்யவிட்டார், ஏன் என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை, இல்லையா?

மறுபடியும் குண்டுகளை எடுத்தேன். இதுவரை பக்கவாட்டில் மட்டுமே கீறிப் பார்த்திருந்தேன், பென்சில் வைக்க வசதியான இடம் அதுதான் என்பதால். இந்த முறை மூக்கில் வைத்தேன். எச்.பி. வழுக்கியது. எச் வழுக்கியது. 2எச் வழுக்கியது. 3எச் சீவியது! ஒரே குண்டு அண்ணா. மூக்கு கெட்டி, இடுப்பு மெத்து. வேறு ஈயத்தால் வார்த்த குண்டாக இருந்தால் மூக்கும் மெத்தென்றுதானே இருக்க வேண்டும்? யாரும் எதையும் மாற்றவில்லை. அது உங்கள் குண்டுதான்.

பிறகு கொட்டகைத் தரையில் மண்டி போட்டுத் தேடினேன். மேசைக் காலுக்குப் பின்னால், சிலந்தி வலைக்குள், ஜூன் மாதக் குண்டு ஒன்று உருண்டு கிடந்தது, அளவு போடாதது. அதில் மூக்கு, இடுப்பு எல்லாமே 3எச். அதை அளவுத் துளையில் வைத்து நெம்புகோலை இழுத்தேன். அசையவில்லை. தொங்கினேன். கால் தரையிலிருந்து எழும்பியது. கடைசியில் 'டக்' என்று இறங்கியது. எடுத்து இடுப்பில் பென்சில் வைத்தேன். எச்.பி.!

மாவட்ட நூலகத்தில் ஓர் உலோகவியல் புத்தகம் இருக்கிறது, அதை யாரும் எடுத்ததாகவே தெரியவில்லை. அதிலும் பார்த்துவிட்டேன். தண்ணீரில் விழுந்த இந்தக் கலவை உடனே கெட்டியாவதில்லை. இருக்க இருக்கத்தான் உள்ளே இறுகுகிறது. இறுகுவதற்கு முன்னால் அமுக்கினால் ஒன்றும் ஆகாது. இறுகிய பிறகு அமுக்கிப் பிதுக்கினால், பிதுங்கிய இடத்தில் அந்தக் கெட்டி உடைந்துபோகிறது. குழலோடு உரசுவது அந்த இடம்தான்.

அப்பா போட்டிக்கு முந்தைய வாரம்தான் அளவு போட்டார். எனக்கு ஞாபகம் இருக்கிறது, தோள் வலிக்கிறது என்று அம்மாவிடம் தைலம் கேட்டார். "அந்த நெம்புகோல் ஏன் இப்படி அடம் பிடிக்குது" என்றார்.

ஏன் அவ்வளவு நாள் விட்டுவைத்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"நானும் எத்தனையோ தடவ சொன்னேன். 'அந்த டப்பாவ முடிச்சு எடுத்து வைங்களேன்'னு. 'கெடக்கட்டும், அது அவன் வேல'ன்னுட்டார். அப்புறம் போட்டி வந்துடுச்சு."

அண்ணா, அவர் உன்னைத் திட்டிக்கொண்டே உனக்காக அந்த டப்பாவை வைத்திருந்திருக்கிறார்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், நாம் எழுதிக்கொள்வதையும் சேர்த்து. குண்டையும் பென்சிலையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எம் பொண்ணு எனக்கு வேவு பாக்குறாளா, அவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லப்பா. ஈயத்துக்கு."

அம்மா இருமுகிற மாதிரி சிரித்தார். அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். இன்று காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த சனிக்கிழம வார்க்கப் போறேன். அன்னிக்கே அளவு போடணுமாம், புத்தகத்துல போட்டிருக்காம். நா ஒரு ஆளு ரெண்டையும் எப்படிப் பாக்குறது?"

உன் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவும் நானும் "ஆமா, கஷ்டம்தான்" என்றோம்.

மார்லி


கார்வர் சந்திப்பு
அக்டோபர் 11

மார்லி,

ஹாலரின் பட்டறையில் சில நாள் முன்பே வார்த்துத் தண்ணீரில் போட்டிருந்த குண்டு ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஹாலர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதத்தான் நா சின்ன வயசுலயே கத்துக்கிட்டேன், ஒரு போட்டிய விட்டுட்டு" என்றார். மனிதர் முன்னமே சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் ஜெயித்திருக்க மாட்டாரே.

மற்றது பற்றி. "அது அவன் வேலை" என்று அவர் உண்மையாகவே சொன்னாரா? நீ கதை படிக்கிறவள். முடிவு நன்றாக வர வேண்டும் என்று நீயே ஒரு வரி சேர்த்திருப்பாயோ என்று தோன்றுகிறது. சனிக்கிழமையைப் பற்றியும் அதே சந்தேகம்தான். நான் வந்து நின்று, அவர் "யார் கூப்பிட்டா?" என்று கேட்டால், அதற்குப் பிறகு நான் வரவே மாட்டேன். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாளியில் தண்ணீர் நிரப்பி வை. அடியில் பழைய துணி போடு, குண்டு விழுந்து நசுங்காமல் இருக்கும்.

ராய்ஸ்


வில்லோ ஓடை
அக்டோபர் 17

அன்புள்ள அண்ணா,

நீ இங்கே இருந்தபோது நடந்ததை எழுத வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் இருவரும் அன்று பேசியதை நான் கதவருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் ஒரு புகார் உண்டு. நீ கொட்டகைக்குள் வந்து நின்றபோது, அப்பா ஏதாவது சொல்லப்போகிறார் என்று கதவில் காதை ஒட்டினேன். அவர் சொன்னது: "கதவச் சாத்து, பாத்திரம் சூடு போயிடும்." நீ சொன்னது: "சாத்தித்தான் இருக்கு." அதன் பிறகு சாயங்காலம் வரை "இன்னொண்ணு", "சூடு பாரு", "ம்." இதற்காகவா நான் ஒரு முழுப் புத்தகம் படித்தேன்?

உன் லாரி வளைவில் திரும்பும் வரை அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு என்னிடம், "அந்தப் பென்சிலு டப்பா எங்க?" என்றார்.

கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீ அளவு போட்டதில் ஒன்றை எடுத்து மூக்கில் கீறினார். இடுப்பில் கீறினார். இரண்டிலும் ஒரே மாதிரி மெத்தென்று சீவியது. "இப்பவே மெத்துன்னு இருக்கே?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இனிமேல்தான் இறுகும் என்று சொன்னேன். நம்பவில்லை. இன்றும் பள்ளிவிட்டு வந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் கீறச் சொன்னார். இரண்டு இடத்திலும் எச்.பி. வழுக்கிவிட்டது, அண்ணா. மூக்கும் இடுப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. அப்பா குண்டைச் சட்டையில் துடைத்து, டப்பாவில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உன் கட்டில் மச்சுக்குப் போகவில்லை. திருகு வராது என்று இப்போது அப்பாவே சொல்கிறார்.

எழுத உட்கார்ந்தபோது, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"கையுறைய விட்டுட்டுப் போயிருக்கான்னு எழுது" என்றார். "தபால்ல அனுப்ப மாட்டேன்னும் எழுது."

எழுதிவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கையுறைகள் நெம்புகோலுக்குப் பக்கத்து ஆணியில், இரண்டும் ஜோடியாக, ஒழுங்காக மாட்டியிருந்தன. மறந்துவிட்டுப் போகிற ஆள் அப்படி மாட்டிவிட்டுப் போவதில்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் ஆணியை நன்றாகவே பார்த்தார், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை,
மார்லி